அப்பா பேர் இல்லாத கடைசிப் பக்கம்

துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்த தம்பி, ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அம்மாவையும் என்னையும் கூப்பிட்டான். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் கொடுத்தோம். அவர் என்னுடையதைப் புரட்டி, கடைசிப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மேடம், ஒத்தப் பேரா கீது. அங்க டூரிஸ்ட் விசாவுக்குப் பின்னாடி இன்னொரு பேரு வேணும். கடைசிப் பக்கத்துல அப்பா பேரு இருந்தாலும் அத வச்சி வாங்கிடலாம். உங்குளுக்கு அதுவும் காலி."

"அம்மா பேர் இருக்குதே?"

"அது ஒதவாது மேடம்."

காலியாக விட்டது நான்தான். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா எங்களை விட்டுப் போய், சோழவரத்தில் வேறொரு குடும்பத்தோடு இருந்துவிட்டார். அம்மா சித்தாள் வேலைக்குப் போய்க் கல் சுமந்து வளர்த்தாள். தம்பி, ஏஜென்ட் சொன்னார் என்று பாஸ்போர்ட்டில் அப்பா பேரைப் போட்டுக்கொண்டு துபாய் போனான். நான் சிப்காட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு பாஸ்போர்ட் எடுத்தேன். அம்மா பேர் மட்டும் போதும் என்று பாஸ்போர்ட் ஆபீசில் சொன்னார்கள். எனக்கு அதில் கர்வம்கூட இருந்தது.

அம்மாவுக்குச் சிக்கல் இல்லை. அவளுடைய பாஸ்போர்ட்டில் என் தாத்தா பேர் இருந்தது. கட்டினவர் பேரும் பத்திரமாக இருந்தது.

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "பேருதானேடி. அவன் பேரப் போட்டுக்கினு வந்துடேன். பேரு இன்னா ஒட்டிக்கினா கெடக்கப் போவுது?"

"நீயா இதச் சொல்ற?"

"நான்தான் சொல்றேன். புள்ள ஆசையாக் கூப்புட்டுக்கீறான்."

நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்தது. அவள் பேருக்காக நான் பிடித்த பிடிவாதம் அவளுக்கே பெரிதாகத் தெரியவில்லை. முடியாது என்றேன்.

அம்மா தனியாகப் போனாள். விமான நிலையத்து வாசலில் பையை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். கூட வராத கோபம். அங்கிருந்து வீடியோ காலில் உயரமான கட்டடங்களைக் காட்டினாள். நான் கேண்டீன் இரைச்சலில், ஒரு கையில் தட்டோடு பார்த்தேன்.

பிறகு, அம்மா பேரையே என் பேருக்குப் பின்னால் சேர்த்துப் புது பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்தவர், "இது லேடீஸ் பேராச்சே, அப்பா பேரு இல்லியா?" என்று இரண்டு முறை கேட்டார். "இல்லை" என்றேன். பாஸ்போர்ட் வந்தது. அதற்குள் தம்பியின் கம்பெனி ஆளைக் குறைத்து, அவன் ஊருக்கே வந்துவிட்டான். அந்தப் பாஸ்போர்ட்டில் இன்றுவரை ஒரு முத்திரையும் விழவில்லை.

பக்கத்து வீட்டில் யாராவது, பெண்ணை ஏன் கூட்டிப் போகவில்லை என்று கேட்டால் அம்மா சட்டென்று சொல்கிறாள்: "அவுளுக்கு கம்பெனியில லீவு குடுக்கல."

நானும் தலையை ஆட்டுகிறேன்.