வலது கண்ணை மூடிய நாட்கள்

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளுடைய இடது கண் சரியாகப் பார்ப்பதில்லை என்று சென்னை டாக்டரம்மா சொன்னார். எண்பதுகளின் தொடக்கம் அது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். வழியெல்லாம், அவள் வயிற்றில் இருந்தபோது நான் எதைத் தின்னாமல் விட்டேன் என்று யோசித்துக்கொண்டே போயிருந்தேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. மூளைதான் அதைப் பழகலை," என்றார் டாக்டரம்மா.

பார்க்கிற காட்சி மூளையைத் தூண்டுமாம். அப்படித் தூண்டினால்தான் அந்த இடத்தில் வேண்டிய புரதங்கள் உண்டாகி, நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளுமாம். நல்ல கண்ணே எல்லாவற்றையும் பார்த்துவிடுவதால் இடது கண்ணுக்கு வேலை இல்லை. அதனால் வலது கண்ணைத் தினமும் பிளாஸ்திரியால் மூட வேண்டும். சின்னச் சின்னப் பொருள்களைப் பார்த்துச் செய்யும் வேலை கொடுக்க வேண்டும். வளர்ந்துவிட்டால் மூளை இவ்வளவு சுலபமாக மாறாது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

வீட்டில் என் நாத்தனாருக்கு எல்லாம் விளக்கினேன்.

"புரதம்தானே? மீன்ல இல்லாத புரதமா? நம்ம வூட்ல மீனுக்கா அண்ணி பஞ்சம்?"

தின்னும் புரதம் வேறு, மூளை தனக்குத்தானே செய்துகொள்ளும் புரதம் வேறு என்றேன். பத்தாவது வரை படித்தவள் நான். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மகளுக்கு இன்னொரு துண்டு மடவை மீனை ஊட்டினேன்.

சின்னப் பொருளுக்கு எங்கள் வீட்டில் எங்கே குறை? ஏரியிலிருந்து வந்த இறாலை முற்றத்தில் கொட்டி, பெரியது ஒரு கூடை, சின்னது ஒரு கூடை என்று பிரிக்க அவளை உட்கார வைத்தேன். முதலில் தடுமாறினாள். மாதம் ஒன்று போவதற்குள் எங்களுக்குச் சமமாகப் பிரித்தாள். பூரித்துப்போனேன்.

ஒருநாள் நாத்தனார் கைதட்டிச் சிரித்தாள். "இத்த பாரேன் அண்ணி! காக்காவப் பாத்துகினே எறா பிரிக்குது. செம்படவன் வூட்டுப் பொண்ணுன்னா சும்மாவா!"

குனிந்து அவள் விரல்களைப் பார்த்தேன். அவள் தொட்டுத் தொட்டுத்தான் பிரித்திருக்கிறாள். விரலுக்குரிய இடம் மூளையில் செழித்திருக்கும். கண்ணுக்குரிய இடம் சும்மாவே கிடந்திருக்கும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கைதான் முதலில் பார்க்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாளிலிருந்து கைக்கு எட்டாததை மட்டுமே காட்டினேன். கரையில் நிறுத்தி, திரும்பி வரும் படகுகளின் பாய்களைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். "ஒண்ணும் தெர்லமா" என்று அழுவாள். வலது கண்ணின் பிளாஸ்திரியைப் பிய்க்கப் பார்ப்பாள். குழந்தையை வதைக்கிறேனோ என்று மனம் அடித்துக்கொள்ளும். இருந்தும் விடவில்லை. சில வாரங்களில் வெள்ளையாக ஏதோ அசைகிறது என்றாள். பிறகு, பாய் என்றாள்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு காலை. தூரத்தில் நாலைந்து பாய்கள்.

"நைனா வருது!"

"எது?"

"ஓரத்துல. ஒட்டுப் போட்ட பாயி. நைனா நின்னுகினு கீது."

ஒட்டு எனக்குத் தெரிந்தது; ஆள் தெரியவில்லை. பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். இடுக்கே இல்லை. ஊகமாக இருக்குமோ?

படகு நெருங்கியது. என் கணவர் கழியை ஊன்றியபடி நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா அண்ணி, உன் கண்ணுக்கே தெர்ல, அதுக்குத் தெரிஞ்சிப் போச்சே!" என்றாள் நாத்தனார்.

கரையில் சத்தம் போட்டுப் பேசாதவள் நான். அன்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகு கரை சேருமுன்பே அவரிடம் கத்திச் சொன்னேன்: "ஏங்க, உங்க பொண்ணு பாத்துட்டா! அந்தக் கண்ணாலயே பாத்துட்டா!"