முதல் நாற்று யார் கையில்

ரிஷிவந்தியத்துக்கும் மணலூர்பேட்டைக்கும் நடுவில், தார்ச்சாலையிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே எங்கள் பண்ணை இருக்கிறது. வீட்டின் உத்தரத்தில் கட்டிய வருடத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். கடைசி இரண்டு எண்களைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியிருப்பது ஒன்றும் எட்டும். வயதைக் கேட்கும் விருந்தினர்களிடம் நூறு வருடத்துக்கு மேல் என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

சென்னையில் ஒரு பத்திரிகையின் செய்திப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மனைவியோடு திரும்பி வந்தபோது வீடு பன்னிரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. மாட்டுக் கொட்டகையில் ஓடு இல்லை. கூடத்துக்கு மேலே, தளத்தில் வேர்விட்டு ஓர் அரசமரம் ஆளுயரம் வளர்ந்திருந்தது. நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தில் சாரைப்பாம்பு குடியிருந்தது. சிமெண்ட் பூசினால் இந்தச் சுவர் மூச்சுவிடாமல் உப்பிப் போகும் என்று கொத்தனார் சொன்னார். சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்தோம். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டை வந்தது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசிய சுவர் காய்வதற்கே ஒரு கோடை போயிற்று. எல்லாம் முடிய ஒன்றரை வருடம் ஆனது. பத்தாய அறையும் கூடத்தின் இரண்டு பக்க அறைகளும் தங்கும் அறைகளாயின. மாட்டுக் கொட்டகை சாப்பாட்டு அறையானது.

சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் விருந்தினர்கள் வந்தார்கள். ஓர் இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் மலைக்கு அருவி பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அவர்களை இரண்டாம் நாளும் நிறுத்திவைக்க என்ன செய்யலாம் என்று யோசித்தபோதுதான் நடவு நினைவுக்கு வந்தது. நிலத்தை அதுவரை குத்தகைக்கு விட்டிருந்தோம். பள்ளிப் படிப்பையே கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி முடித்த எனக்கு வயல்வேலையைக் கண்ணால் பார்த்த அளவுக்குத்தான் தெரியும், செய்ததில்லை. இருந்தாலும் வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு கழனிகளில் நானே பயிர் வைத்தேன். அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நடவு வரும்படி நாற்றங்காலை ஒரு வார இடைவெளியில் விட்டேன். பண்ணையின் இணையப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ‘முதல் நாற்றை நீங்களே நடலாம்.’

பக்கத்துக் கழனிக்காரர் எனக்கு மருமகன் முறை. நாற்றங்காலைப் பார்க்க வந்தவர் சிரித்துவிட்டார். “சனி ஞாயிறு பாத்து நாத்து வுடுற மொத ஆளு நீங்கதான் மாமா” என்றார்.

எங்கள் பக்கத்தில் நடவுக்குப் பெண்கள் செட்டாக வருவார்கள். நான் போனில் அழைத்த செட்டில் பதினோரு பேர். அதை நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சொந்த நிலம் கிடையாது. அந்தப் பதினோரு பேரில் யாருக்குமே கிடையாது. நடவுக்காலத்து ஆறு வாரம்தான் அவர்களுக்கு விடாமல் வேலை கிடைக்கும் காலம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பங்கள் தங்கியிருந்தன. காலை ஏழு மணிக்குக் கழனியின் சனி மூலையில் சாணிப் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகிக் கற்பூரம் ஏற்றினோம். செட்டின் பெண்கள் சேற்றில் வரிசையாக நின்றார்கள். நான் முதல் நாற்றுக் கட்டை எடுத்து, சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு வங்கி அதிகாரியின் கையில் கொடுத்தேன். நல்ல பெண்மணி. நான் சொல்வதற்கு முன்பே செருப்பை வரப்பில் கழற்றிவிட்டுத்தான் இறங்கினார். நான் கட்டை நீட்டிய அதே நேரத்தில் செட்டை நடத்தும் அம்மாவின் வலது கை பாதித் தூரம் வந்திருந்தது. பிறகு அந்தக் கை இடுப்புக்குப் போய்ப் புடவையைச் செருகியது. நான் அதைப் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றவில்லை.

விருந்தினர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். நடவு முடிந்தது. வழக்கமாகச் சேற்றுக்குள் பேச்சு ஓயாது என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று அந்தக் கழனியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அடுத்த ஞாயிறு வருவீர்களா என்று கேட்டதற்கு அந்த அம்மா “பாக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் கழித்து மருமகன் வந்தார். தன்னுடைய மூன்று கழனிகளில் இரண்டுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு செட்டு பேசிவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

“இன்னா மாமா, நீங்களே கேக்கறீங்க. அந்தம்மா கைராசின்னுதான் எல்லாரும் மொத நாத்த அது கையில குடுப்பாங்க. போன போகத்துல அது நட்ட ஒரு கழனியில பொகையான் பூச்சி வுழுந்துது. இப்ப நீங்களும் குடுக்கல. படிச்சவரு, இன்னாவோ தெரிஞ்சிதான் குடுக்கலன்னு பேசிக்கிறாங்க.”

எனக்குக் கைராசியில் நம்பிக்கை இல்லை. மருமகனுக்குப் பாதி நம்பிக்கை இருந்தது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் யார் முதலில் எந்தச் செட்டை அழைப்பது என்பது அந்த நம்பிக்கையில்தான் நடந்துகொண்டிருந்தது. இப்போது வாடகைக்கு நடவு இயந்திரமும் வருகிறது. அதைத் தாண்டியும் அந்தப் பதினோரு பேரை அழைத்தார்கள் என்றால் அந்த அம்மாவின் வலது கைக்காகத்தான். அந்தக் கையைத்தான் ஊர் பார்க்க நான் தள்ளிவிட்டிருந்தேன்.

அன்று மாலையே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். ஊரின் கிழக்கில், குளத்தைத் தாண்டி இருக்கிறது அந்தத் தெரு. அவர் வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். செட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூட உட்கார்ந்திருந்தார்கள்.

“தெரியாம செஞ்சிட்டேம்மா” என்றேன்.

“தெரியாமத்தான் செஞ்சீங்க. அது எனக்குத் தெரியுது. ஊருக்குத் தெரியாதே சார்.”

எல்லோரிடமும் நானே சொல்கிறேன் என்றேன்.

“இன்னான்னு சொல்லுவீங்க? வூடு வூடா போயி மைக்கு கட்டுவீங்களா?”

கூட இருந்த இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, மொச்சையைக் கீழே வைத்தார்.

“எல்லாரும் பாக்கத்தான குடுத்தீங்க, அந்த மெட்ராசு அம்மா கையில. வாயால சொன்னா யாரு கேப்பாங்க? பாத்தத, பாத்துத்தான் மறப்பாங்க.” பிறகு, “ரெண்டாவது கழனிக்கி நாத்து தயாரா கீது. மொத நடவுக்குக் கூப்புட எப்பிடி வரணும்னு ஒங்க வூட்டம்மாவ கேளுங்க” என்றார்.

என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. அவள் பிறந்த வீடு மணலூர்பேட்டைப் பக்கம். முதல் நடவுக்கு மட்டும் கழனிக்காரரே தட்டில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும். போன் வந்த பிறகு அது விட்டுப்போய்விட்டது. எங்கள் வீட்டில் அதற்கு முன்பே கிடையாது. என் அப்பா அந்தத் தெருவுக்கு ஆள்தான் அனுப்புவார்.

அன்று இரவு இணையப் பக்கத்தில் நான் எழுதியிருந்த வரியை எடுத்தேன். அடுத்த ஞாயிறுக்கு வர இருந்தவர்களை அழைத்து, முதல் நாற்றை உங்களால் நட முடியாது என்று சொன்னேன். ஒரு குடும்பம், பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோமே என்று வருத்தப்பட்டு, வருவதை ரத்து செய்தது. இன்னொரு குடும்பம் பார்த்தால் போதும் என்றது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் மனைவியும் கிளம்பினோம். காரை எடுத்தேன். “நடந்து போவணும்” என்றாள். பால் சொசைட்டி, டீக்கடை, ரேஷன் கடை எல்லாவற்றையும் கடந்து நடந்தோம். தட்டு அவள் கையில் இருந்தது. டீக்கடையில் மருமகன் உட்பட ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

“இன்னா, கல்யாணப் பத்திரிகையா?” என்று ஒருவர் கேட்டார்.

“நடவுக்கு” என்றாள் மனைவி, நிற்காமல்.

வாசலில் நின்று கூப்பிட்டோம். உள்ளேயிருந்து “வரேன்” என்ற குரல் மட்டும் வந்தது. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம், இன்னொரு பாத்திரம், பிறகு ஒரு குடம். தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நின்றோம். கடைசியில் தலை சீவி, வேறு புடவை கட்டிக்கொண்டு அவர் வந்தார்.

“ஞாயித்துக்கெழம மொத நாத்து நீங்கதான் வெக்கணும்” என்றேன். தெருவுக்குக் கேட்கும்படி சொல் என்று மனைவி முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். ஒரு வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். மீதியைச் செட்டுப் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தினர்கள் வரப்பில் நின்றார்கள். நான் அந்த அம்மாவின் கையில் நாற்றுக் கட்டைக் கொடுத்தேன். அவர் கிழக்கே பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு மூன்று குத்து நாற்று வைத்தார். அதற்குப் பிறகுதான் பேச்சு தொடங்கியது. யார் வீட்டு மருமகள் யாரோடு பேசவில்லை, எந்தக் கழனியில் அட்டை அதிகம் என்று சேறு முழுக்கப் பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பி விருந்தினர்களை அழைத்தார். “எறங்குங்கம்மா. ஒண்ணும் கடிக்காது, நாங்கதான் கடிப்போம்.” ஒரு கல்லூரிப் பெண் நாற்றை ஆணி அடிப்பதுபோல் குத்த, “தாயி, அது நாத்து. வெரலால சொருவு, போதும்” என்று கையைப் பிடித்துக் காட்டினார்.

மருமகன் சாலையோரம் பைக்கை நிறுத்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கழனிகளையும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் செட்டு நட்டு முடித்துவிட்டது. அவை போனவை போனவைதான். ஆற்றோரத்துக் கழனி மட்டும் மீதி இருந்தது. வரப்புக்கு வந்து, “ஆத்தோரம் பாக்கி கீது. நாளைக்கி வந்துடும்மா” என்றார்.

அந்த அம்மா நிமிரவில்லை. கை நட்டுக்கொண்டே போனது.

“வூட்டுக்கு வந்து கூப்புடுங்க.”

திங்கட்கிழமை காலை நான் பால் சொசைட்டியில் நின்றிருந்தேன். மருமகன் பைக்கை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் போனார். கைப்பிடியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. உள்ளே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஒன்பதரை மணிக்கு ஆற்றோரத்துக் கழனியில் பதினோரு பேர் குனிந்திருந்தார்கள். சாலையிலிருந்தே எண்ண முடிந்தது.