மோரியர் மனை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. என் அக்கா கணவர் டொமினிக்குக்கு, 1998 ஆகஸ்டில், சந்தாபுராவைத் தாண்டி ஒரு கரட்டு மேட்டில். அதுவும் பட்டப்பகலில்.

டொமினிக் அத்தான் சர்வேயர். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த நகரத்துக்காரர். பேய் பிசாசு என்றால் சிரிப்பார். அந்த மேட்டை அளந்து வீட்டு மனைகளாகப் பிரிக்கும் வேலை அவருக்கு வந்திருந்தது. மேட்டின் உச்சியில் ஒரு கல்கூடு. மூன்று பக்கம் பலகைக்கல் நின்றது, மேலே ஒரு மூடுகல். நான்காவது பக்கத்துக் கல் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு ஆள் குந்தி உட்காரலாம். அவ்வளவுதான் இடம்.

"இதுக்குப் பேரு மோரியர் மனே சார்," என்றார் ஜீப் ஓட்டி வந்த மஞ்சுநாத். பக்கத்து ஊர்க் கன்னடக்காரர்.

"மனேன்னா வீடு. இது செத்தவங்களைப் புதைச்ச இடம்பா. சமாதிக்குப் போய் யாராவது வீடுன்னு பேர் வைப்பாங்களா?"

"என்னமோ சார். எங்க ஊர்ல யாரும் இதை சமாதின்னு சொல்லிக் கேட்டதில்ல."

மத்தியானம் மஞ்சுநாத் சாப்பாடு வாங்கி வரப் போனார். கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. ஒதுங்க வேறு இடமில்லை. அத்தான் தவழ்ந்து அந்தக் கல்கூட்டுக்குள் போனார்.

ஒரு சிலந்திவலைகூட இல்லை. தரை பெருக்கி வைத்தது போல் இருந்தது. முதுகைச் சாய்த்த கல்... வெதுவெதுப்பாக இருந்தது.

எதிர்க்கல்லில் வட்டமாக ஒரு ஓட்டை. அதற்கு அப்பால் இருட்டு. புதர் மறைக்கிறது என்று நினைத்தார்.

சர்ர்... சர்ர்... யாரோ காலை இழுத்து நடக்கும் சத்தம். ஓட்டைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"மஞ்சு?"



ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. உள்ளங்கையில் களி உருண்டை. ஆவி பறந்தது.

மஞ்சுநாத்தின் விளையாட்டு என்று நினைத்தார். நல்ல பசி வேறு. வாங்கித் தின்றார். உப்பே இல்லை.

கை மெல்லப் பின்னால் போனது.

அப்புறம்தான் உறைத்தது. வெளியே அடைமழை. அந்தக் கை நனையவே இல்லை...

வெளியே பாய்ந்தார். கல்லைச் சுற்றி ஓடினார்.

அந்தப் பக்கம் ஆள் நிற்க இடமே இல்லை. மூடுகல் வரைக்கும் மண். புல் முளைத்து இறுகிப்போன பழைய மண்.

கீழே ஜீப் நின்றது. மஞ்சுநாத் அதற்குள் உட்கார்ந்திருந்தார். அத்தான் ஓடிப் போய் ஏறிக்கொண்டார், வண்டி கிளம்பியது.

அன்றிலிருந்து அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா எதைச் சமைத்தாலும், "மண்ணு மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளினார். டாக்டர்கள் ஒரு நோயும் இல்லை என்றார்கள்.

எங்கள் தெருவில் பிரபா என்று ஒரு சரித்திர லெக்சரர். அத்தான் அவரிடம் போய் அந்தப் பெயரைப் பற்றி மட்டும் கேட்டார்.

"மோரியர் யாருன்னு யாருக்கும் சரியாத் தெரியல அங்கிள். ஆனா மனைங்கிறது தமிழ்லயும் கன்னடத்துலயும் ஒண்ணுதான். குடியிருக்கற இடம். செத்தவங்களைப் புதைச்சதா இல்ல, குடிவெச்சதா நினைச்சிருக்கலாம். சிலதுல ஒரு ஓட்டை இருக்கும். அது வழியா சோறு கொடுப்பாங்கன்னு ஒரு யூகம்."

"யாருக்கு?"

"உள்ள இருக்கறவங்களுக்கு."

அன்றுதான் அத்தான் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டார்.

அடக்கத்துக்கு மஞ்சுநாத் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து கேட்டருகே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு நான் மழையிலயே பார்சலோட மேல வந்தேன் அண்ணா. குனிஞ்சு பார்த்தேன். உள்ள அஞ்சாறு பேரு சாப்பிட்டுட்டு இருந்தாங்க. மழைக்கு ஒதுங்கினவங்க, சாப்பிட்டு முடிக்கட்டும்னு நான் இறங்கிட்டேன். ஆனா சார் மட்டும்தான் வந்தாரு..."

"அஞ்சாறு பேரா? அதுக்குள்ள எப்படி?"

"தெரியல அண்ணா. சாருக்கு இடம் விட்டு... எல்லாரும் நகர்ந்து உக்காந்திருந்தாங்க."