மலைக்கு ஒரு பிரசிடென்

முதுகில் கொழுந்துக் கூடையை ஏற்றிக் கயிற்றை இறுக்கும்போதே பவளம் ஆட்சியைத் தொடங்கிவிடுகிறார். "என் காலத்துல இந்த ரோட்டுக்குத் தாரு போட்டாச்சு," என்கிறார், கணுக்கால்வரை சேற்றில் நின்றுகொண்டு. "பாத்து நடங்கடி. புதுத் தாரு, கால்ல ஒட்டும்."

அவர் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. இது எண்பத்து மூன்று; தொண்ணூற்றைந்தில்தான் அவர் மலைக்குப் பிரசிடெனாகப் பதவியேற்கப்போகிறாராம். ஆனாலும் நடந்து முடிந்த கதையைப் போலத்தான் பேசுவார். யார் வீட்டு ரேடியோவிலோ, எந்த நாட்டு ஜனாதிபதியோ பதவியேற்ற செய்தியைக் கேட்டுவிட்டு, நமக்கு ஏன் அப்படி ஓர் ஆள் இல்லை என்று ஒருமுறை விசாரித்திருக்கிறார். நம் நாட்டுக்கு ராஜா இருக்கிறார் என்றார்கள். "நாட்டுக்கு அவரு இருக்கட்டும்லா. மலைக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார். இடம் காலியாக இருந்ததால் அந்த வேலையைத் தாமே எடுத்துக்கொண்டார்.

ஐந்து வருடம் மட்டும்தான் ஆள்வாராம். "அதுக்கு மேல நாக்காலில உக்காந்தா முட்டி புடிச்சிக்கும்." வலது முட்டி இப்போதே பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இறக்கத்தில் நண்டைப் போலப் பக்கவாட்டில் இறங்குவார். தலைநகரம் பக்கத்து டவுன் பிரிஞ்சாங். இரவுச் சந்தையில் சுடச்சுடப் பொரித்த வாழைப்பழம் கிடைக்கும் ஊரில்தான் அரசாங்கம் ஒழுங்காக நடக்குமாம். முதல் சட்டம், கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களிலிருந்து கோசு ஏற்றி வரும் லோரிகள், மழையில் நனையும் பெண்களைக் கண்டால் நிறுத்தி ஏற்றிக்கொள்ள வேண்டும். "கோசு நனையக் கூடாதுன்னு படுதா போடுறான். நாம என்ன, கோசை விடக் கொறச்சலா?"

தம்மோடு கொழுந்து கிள்ளுகிறவர்கள்தான் மந்திரிகள். ஓயாமல் இருமும் செல்லம்மாவுக்குச் சுகாதாரம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எந்த வீட்டில் சண்டை நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கும் அம்சவல்லிக்குப் பாதுகாப்பு. இந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்ற பெருமை எனக்கு உண்டு. பவளம் அதை மதித்து என்னை வெளிநாட்டு மந்திரி ஆக்கியிருக்கிறார். "மலை எறங்கி தாப்பாவுக்கு அந்தாண்ட போயி தங்கி வந்தவன் அவன் ஒருத்தன்தானே."

தம் ஆட்சியில் நடந்த ஊழலையும் மறைக்க மாட்டார். கொழுந்தன் காளியண்ணனைப் போக்குவரத்து மந்திரி ஆக்கியது தப்பாய்ப் போயிற்றாம். "அரசாங்க லோரிய எடுத்துக்கிட்டு தாப்பாவுக்குப் படம் பாக்கப் போயிட்டான். என் பேரே நாறிடுச்சு."

தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் காளியண்ணன் பரிதாபமாகக் கேட்பார்: "நான் எப்ப அண்ணி போனேன்?"

"இன்னும் போவல. இனிமே போவ."

எதிர்க்கட்சித் தலைவர் கங்காணி ரெங்கசாமி. அவருக்கு இது தெரியாது. கெட்டவர் அல்ல, விதி என்றால் விதி என்கிற மனிதர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும் வரிசைப்படி ஆளுக்கொரு தேயிலை நிரை கொடுப்பார். பிறகு ரோட்டுக்கு ஏறி நின்று விசில் ஊதுவார். விசில் கேட்கும்போது எவர் எந்த நிரையின் முனையில் நிற்கிறாரோ, அன்று முழுக்க அது அவருடையது. மேனேஜர் துரையே வந்து சொன்னாலும் மாறாது.

போன மாதம் வேலை பள்ளத்து மலைக்கு நகர்ந்தது. அங்கே முதல் நிரை ரோட்டோரம், தட்டையான தரை. கடைசி நிரை செங்குத்தாக ஓடைக்குள் இறங்குகிறது. முதல் பெயர் பவளம். கடைசிப் பெயர் புதிதாகச் சேர்ந்த வேலம்மா, ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் நாளே சறுக்கி விழுந்து, ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துத் தப்பினாள். ஆபீசில் சொன்னால் பிள்ளை பெறும்வரை வேலைக்கு வராதே என்றுவிடுவார்கள். புருஷனோ கையை முறித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறான். பயந்து பயந்து கங்காணியிடம்தான் கேட்டாள்.

"இன்னிக்கு ஒனக்கு மாத்துனா, நாளைக்கு எல்லாரும் வயித்தப் புடிச்சிக்கிட்டு வந்து நிப்பாளுங்க. வரிசைன்னா வரிசைதான் புள்ள."

பக்கத்தில் நின்ற பவளம் கூடைக் கயிற்றை இறுக்கிக்கொண்டு தம் நிரைக்குப் போனார். அவர் சட்டம் எதுவும் போடாமல் போனது எல்லோருக்கும் அதிசயமாக இருந்ததாம்.

மறுநாள் காலை மலைமேல் மேகம் இறங்கியிருந்தது; ஒரு செடிக்கு அடுத்த செடி தெரியவில்லை. பெயர் கூப்பிட்டு முடித்து ரெங்கசாமி ரோட்டுக்கு ஏறினார். அந்த இடைவெளியில் கீழே நடந்ததை அம்சவல்லி சொல்லித்தான் அறிந்தேன்.

"மூணாவது வருசம் நான் மந்திரிசபைய மாத்துனேன்," என்றாராம் பவளம், குரலைத் தாழ்த்தி. "எவளும் தன் நிரையில நிக்கப்படாது. பக்கத்தவ எடத்துக்கு மாறுங்கடி. வேலம்மா, நீ என் நிரைக்கு ஓடு. இல்ல இல்ல, நட, மெதுவா நட."

"எதுக்குக்கா எல்லாரும்?"

"ரெண்டு பேரு மாறுனா குத்தம். எல்லாரும் மாறுனா சட்டம்."

"அப்ப பள்ளத்துக்கு யாரு? ஒங்க முட்டிய வச்சிக்கிட்டு நீங்களா?"

"பிரசிடென்னுக்குன்னு தனியா ஒரு எடம் வேணாமா? போங்கடி."

விசில் ஒலித்தது. பஸ்ஸுக்காக நான் ரோட்டில் கங்காணிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மேகம் மெல்லக் கலைந்தபோது அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். செல்லம்மாவின் நிரையில் அம்சவல்லி. அம்சவல்லியின் நிரையில் செல்லம்மா, இருமிக்கொண்டு. எங்கள் காலடியில், தட்டைத் தரையில், தலை நிமிராமல் வேலம்மா கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏய்! யாரக் கேட்டு மாறுனீங்க?"

"விசிலு ஊதுறப்ப இங்கதானே நின்னோம் கங்காணி," என்றார் பாதுகாப்பு மந்திரி.

ரெங்கசாமி விசிலை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். இன்னொரு முறை ஊதினால் அவருடைய விதியை அவரே உடைத்ததாகும். விசில் உதட்டருகே நின்றது. பிறகு சட்டைப் பைக்குள் போயிற்று.

"பவளம் எங்க?" என்றார்.

ஓடைப் பள்ளத்துக்குள்ளிருந்து, முட்டியைத் திட்டும் முனகல் ஒன்று கேட்டது. அடுத்து, செடிகளுக்கு மேலே ஒரு கை மட்டும் எழும்பியது. பிடி நிறையக் கொழுந்தோடு, காரில் போகும் பெரிய தலைவர்கள் ரோட்டோரத்து ஜனங்களுக்குக் காட்டுவதைப் போல, மணிக்கட்டை மெதுவாகத் திருப்பித் திருப்பி அசைந்தது.