மூணு மில்லிமீட்டருக்குக் கீழே

காரை ஓட வைக்கிற மெக்கானிக்குக் கிடைக்கும் மரியாதை, அதை நிற்க வைக்கிறவனுக்குக் கிடைப்பதில்லை. செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையோரம் பட்டறை போட்டு, நானும் செல்வமும் பிரேக் வேலை மட்டுமே பார்க்கிறோம். வண்டியில் புதுச் சத்தம் கேட்டதும் ஓரங்கட்டி நிறுத்திவிடுகிற ஆளா நீங்கள்? அப்படியானால் நம் இரண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்.

பாட்டுச் சத்தம்

படாளத்திலிருந்து ஏகாம்பரம் வந்தார். நெல் வியாபாரி. மறுநாள் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். "முன்னாடி வீல்ல கரகரன்னு கீது பாய். கொஞ்சம் எண்ணெய் வுட்டா போதும்" என்றார். பிரேக்கில் எண்ணெயா? நானே சாவியை வாங்கி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தேன். முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது. மிதித்தேன். இரும்பும் இரும்பும் உரசி அலறின, ஆனால் வண்டி நிற்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தியதும், பேருந்தை முட்ட ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது.

சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேடில் உரசுகிற பூச்சு துளிகூட இல்லை. பின்னாலிருக்கும் தகடுதான் சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை உழுதிருந்தது. நகத்தை வைத்தால் மாட்டிக்கொள்கிற அளவுக்குக் கோடுகள். புதுப் பேட் பத்து மில்லிமீட்டர் கனத்துக்கு மேலேயே இருக்கும். மூணுக்கு இறங்கிவிட்டால் மாற்றிவிட வேண்டும். நிறைய பேடுகளில் அந்த நேரத்தில் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடுவதற்கென்றே சின்னத் தகடு ஒன்று இருக்கும், இவருடையதிலும் இருந்தது. ரெண்டு மாசம் முன்பே கீச்சிட்டிருக்குமே, கேட்கவில்லையா என்றேன்.

"கேட்டுது பாய். பசங்க பாட்டு கேட்டுகினு வந்துச்சுங்க, அதான் பாட்ட கொஞ்சம் ஏத்தி வுட்டேன்."

பின் சீட்டில் ஒருவர்

நாவலூரில் வேலை பார்க்கும் வித்யா, வாரம் இரண்டு முறை அப்பாவைச் சிகிச்சைக்காகச் செங்கல்பட்டுக்கு அழைத்து வருகிறவர். "எண்பதுல போகும்போது பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் நடுங்குது. பேட் மாத்தி ரெண்டு வாரம்தான் ஆகுது" என்றார். வேறெங்கோ மாற்றியிருந்தார்கள். பேட் புதுசுதான், ஆனால் டிஸ்க் பழசு. இதற்குமேல் தேயக்கூடாது என்கிற கனத்தை டிஸ்க்கின் ஓரத்திலேயே பொறித்திருப்பார்கள். துருவைத் துடைத்துவிட்டு அந்த எண்ணைக் காட்டினேன். கருவியை வைத்து அளந்தேன், அதற்கும் கீழே இருந்தது. மெலிந்த டிஸ்க் சூட்டில் கோணும், ஸ்டீயரிங் நடுங்கியது அதனால்தான். அவர் கருவியை வாங்கித் தானே ஒரு முறை அளந்தார். "இதுலயா அப்பாவ ஏத்திக்கிட்டு வந்தேன்?" என்றார் மெதுவாக.

அப்பா பின் சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தோம்.

"ரெண்டு வாரமா இவ பிரேக்க மிதிக்கறப்பல்லாம் நானும் இங்க கால ஊணிக்கினுதான் வர்றேன் தம்பி, சொன்னா பயந்துடுவான்னு சொல்லல."

என் தப்பு

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கனமான புதுப் பேட் உள்ளே நுழைய, அதைத் தள்ளுகிற பிஸ்டனைப் பின்னால் அழுத்திவிடுவோம். அதனால் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து, பிஸ்டனைப் பேடைத் தொடுகிற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் வண்டிக்காரர் விடாமல் போன் அடிக்க, அவசரமாக ஏறி, பெடலை மிதிக்காமலே ஸ்டார்ட் செய்துவிட்டேன்.

பட்டறை வாசல் சரிவு. வண்டி தானாக உருண்டது. மிதித்தேன், பெடல் அப்படியே தரையில் போய் ஒட்டியது. எதிரே செல்வம் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பம்பர் அவர் சட்டையில் உரசி நின்றது. எட்டு வருஷமாக என்னோடு நிற்கிற மனுஷன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து வந்து, என் பக்கக் கதவைத் திறந்தார்.

"எறங்கு பாய், மொதல்ல தண்ணி குடி. அப்பால ஏறி பெடல பத்து வாட்டி மிதி, நான் எண்ணிக்கினு நிக்கிறேன்."

மாமல்லபுரத்தில் ஒரு காலை

காலை ஒன்பதரைக்கு மாமல்லபுரத்திலிருந்து போன். பாரூக் என்பவர், கல்பாக்கத்தில் நடக்கும் தங்கையின் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருந்தார். இடது முன்சக்கரத்தில் புகை. போய்ப் பார்த்தேன். மாசக்கணக்கில் கடற்கரை ஓரமே நின்ற வண்டி. உப்புக்காற்றில் துருவேறி, பிடித்த பேட் விடாமல் உரசியபடியே ஓடியிருக்கிறது. சூட்டில் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது, இனி அந்த பிரேக்கை நம்ப முடியாது. வண்டிக்குள் மனைவி, மூன்று பிள்ளைகள்.

"பதினோரு மணிக்கு நிக்காஹ். பக்கம்தான, மெதுவா உருட்டிகினு போயிடறேன்" என்றார். முடியாது என்று சாவியைப் பாக்கெட்டில் போட்டேன். என் சட்டையைப் பிடித்துவிட்டார். "குடு பாய். நான் போவாம அங்க எதுவும் நடக்காது." நான் தரவில்லை. அவர் மனைவிதான் கைக்குழந்தையோடு இறங்கி வந்தார். "எனக்கு இந்த வண்டி வேணாங்க. பிள்ளைங்கள எறக்குறேன், ஆட்டோ புடிங்க" என்றார். பாரூக்கின் கை தளர்ந்தது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வண்டியை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தேன், மூன்றாம் நாள் பாரூக் வந்தார். துருவில் இறுகியதை விடுவித்தேன். தேய்ந்தது ஒரு பக்கம்தான் என்றாலும், முன்னால் இரண்டு பக்கமும் சேர்த்தே பேடும் டிஸ்க்கும் மாற்றினேன். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கழற்றிய பேடைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உங்க சட்டைய புடிச்சேனே பாய், பட்டன் எதுனா பிஞ்சுதா?"

பத்தொன்பது வருஷமாக ஊரார் பிரேக்கையெல்லாம் பார்த்துப் பார்த்து, இப்போது யார் காரில் ஏறினாலும் சாகும் நேரத்தில் சொல்கிற கலிமாவைச் சொல்லிவிட்டுத்தான் சீட் பெல்ட்டே போடுகிறேன்.