வீடியோ கேமுக்கு மூன்றாம் தண்ணீர்

கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய், எடுத்தவுடன் மெல்ல மேலே எழும்பி வரும் மஞ்சள் ரப்பர் பொத்தான்கள் அவை. வெயில் காலத்தில் வியர்வை பட்டுப் பட்டு அவற்றில் சைக்கிள் டியூப் வாசனை ஏறிவிடும். அழுத்தும்போதெல்லாம் "டிக்" என்று ஒரு சத்தம், ஒரு வரிசை முழுதாக நிரம்பி மறையும்போது "டுர்ர்" என்று இன்னொரு சத்தம். இந்த இரண்டையும் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு என்னால் பிரித்துச் சொல்ல முடியும்.

போன மாதம் என் மகள் பரீட்சை முடிந்து வந்து, போனை என்னிடம் நீட்டி, "அப்பா, மண்டையப் போட்டு உடைக்காத, செஞ்சதையே திரும்பத் திரும்பச் செஞ்சுக்கிட்டு நிம்மதியா ஒக்காந்திருக்கற மாதிரி ஒரு கேம் தேடிக் கொடுங்க" என்றாள். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் நாள் முழுவதும் ஒரே மாதிரி இரும்புத் துண்டைக் கடைந்துகொண்டிருக்கும் எனக்கு அவள் கேட்டது நன்றாகவே புரிந்தது. நிலத்தை உழுது, விதைத்து, அறுத்து, மறுபடி உழும் ஒரு விளையாட்டைத் தேடி ஏற்றிக் கொடுத்தேன். அவள் அதில் அமைதியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, அப்படி அமைதியாக உட்கார்ந்துகொண்டே ஒருவன் உள்ளுக்குள் பழிவாங்கிக்கொண்டும் இருக்க முடியும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கவேண்டும் என்று தோன்றியது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், வடக்கு வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. பெரியப்பா திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலையில் இருந்தார். அவருடைய மகன் முரளி என்னைவிட ஒரு வயது மூத்தவன். பெரியப்பாவின் நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கையடக்கமான "வீடியோ கேம்" ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலிருந்து கட்டைகள் விழும், அவற்றைத் திருப்பித் திருப்பி இடைவெளி விடாமல் அடுக்கவேண்டும், ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்து நூறு புள்ளி ஏறும். பெரியப்பா அதை எல்லார் முன்னாலும் எங்கள் இருவர் கையிலும் சேர்த்து வைத்து, "இது ரெண்டு பேருக்கும் பொது. யாரு ஸ்கோர் ஜாஸ்தியோ அவன் வச்சுக்கட்டும். அடுத்தவன் அதத் தாண்டினா வாங்கிக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அன்றோடு அது முரளியுடையதாகிவிட்டது. அவன் வேகமாக ஆடுவான். நான்கு வரிசைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்து, நீளக்கட்டை வரும்போது ஒரே இறக்கில் நான்கையும் மறைத்து, ஆயிரக்கணக்கில் புள்ளி அள்ளுவான். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஒரு வரிசை நிரம்பினால் போதும் என்று ஒவ்வொன்றாக முடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் திருவெறும்பூர் போகும்போது எனக்கு அரைமணி நேரம்தான் கிடைக்கும். அந்த அரைமணியும் முரளி என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "டேய் பாலு, நீ ஆடறது ஸ்ரீரங்கம் டவுன் பஸ் ஜங்ஷன் போற மாதிரியே இருக்குடா. ஒரு ஸ்டாப்பு விடாம நிக்கிற!" என்பான். கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு ஞாயிறன்று நான் என் வாழ்நாளிலேயே அதிகமாகப் பன்னிரண்டாயிரத்தைத் தொட்டு, கட்டைகளும் மளமளவென்று பொருந்திக்கொண்டிருந்த நேரத்தில், அவன் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ரீசெட் பொத்தானை அழுத்தினான். திரை வெறுமையாகிவிட்டது. "டைம் ஆயிருச்சு, எறங்குப்பா, பஸ்ஸு இத்தோட நிக்கும்" என்றான். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம், காவிரிப் பாலம் தாண்டும்வரை, நான் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். அவனுடைய முப்பத்தெட்டாயிரத்து நானூறை என் கையால் தாண்டி, அதை அவன் மூக்குக்கு நேரே நீட்டவேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பங்குனி வெயிலில் எனக்கு அம்மை போட்டது.

உங்களில் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். வீட்டில் தாளிக்கமாட்டார்கள், வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள், யாரும் யாரையும் அதட்டிப் பேசமாட்டார்கள். "ஆத்தா வந்து எறங்கியிருக்கா" என்பார்கள். அம்மை கண்ட பிள்ளை வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் அதைக் கேட்பது பிள்ளை இல்லை, ஆத்தா. மறுக்கவே கூடாது. நேற்றுவரை என்னை முதுகில் சாத்திய என் அம்மா, வேப்பிலையால் என் உடம்பை வருடிக்கொண்டே, "என்ன தாயி வேணும்? எளநி வேணுமா? சொல்லு தாயி" என்று கெஞ்சினாள். காய்ச்சலில் கண் எரிந்துகொண்டிருந்தாலும், இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"முரளிகிட்ட இருக்கற வீடியோ கேம் வேணும்" என்றேன்.

அம்மா சமயபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தெருமுனை மருந்துக்கடைக்குப் போன் பேச ஓடினாள். சாயங்காலமே பெரியப்பாவின் ஸ்கூட்டர் சந்துக்குள் வந்தது. பின்னால் முரளி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அதுவரை அம்மை போட்டதில்லை என்பதால் எதிர்ச்சுவர் ஓரமாகவே நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வழியாக எனக்கு அவன் முகம் தெரிந்தது. அழுது வீங்கியிருந்தது.

"கேட்டது ஆத்தா. முடியாதுன்னு சொல்ல நான் யாரும்மா சரோஜா?" என்று அம்மாவிடம் சொல்லி, பெரியப்பா அதை வேப்பிலைக்குப் பக்கத்தில் வாசற்படியில் வைத்தார்.

"டேய்! என் ஸ்கோர் மட்டும் அழிஞ்சுது, ஒன்னைக் கொன்னுருவேன்டா!" என்று முரளி கத்தினான். பெரியப்பா அவன் தலையில் ஒன்று போட்டு, "ஆத்தா வீட்டு வாசல்ல என்னடா பேச்சு இது!" என்றார். அந்த அடியின் சத்தத்தில் எனக்குப் பாதிக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப்போல நிம்மதியான நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. பாயில் வேப்பிலை விரித்து அதன்மேல் மெல்லிய வேட்டி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நான் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு அடுக்கினேன். விழுந்தது, திருப்பினேன், பொருத்தினேன், மறைந்தது. மறுபடி விழுந்தது. நூறு, இருநூறு, முந்நூறு. அம்மா மோர்ச் சோறு கொண்டுவந்தால் நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அவசரப்படுத்த யாரும் இல்லை, தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை. உடம்பெங்கும் இருந்த அரிப்பு விரல் நுனிக்கு வந்து பொத்தான் வழியாக வெளியே போனது போல இருந்தது. ஒவ்வொரு வரிசை மறையும்போதும் முரளியின் வீட்டில் ஒரு செங்கல்லை உருவி எடுத்தது போல ஓர் இனிப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று, "என்ன சாந்தமா இருக்கா பாருங்க ஆத்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அம்மை இறங்க, நாள் விட்டு நாள் மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். முதல் தண்ணீர் விட்டபோது பத்தொன்பதாயிரத்தைப் பார்த்திருந்தேன். இரண்டாம் தண்ணீருக்கு இருபத்தேழு. மூன்றாம் தண்ணீருக்கு முதல் நாள், காலையில் தொடங்கிய ஓர் ஆட்டம் மத்தியானம் தாண்டியும் சாகாமல் போய்க்கொண்டே இருந்தது. முப்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரம். தாண்ட இன்னும் பதினாறே வரிசைகள். அங்கேதான் எனக்கு முரளியின் முகம் நினைவுக்கு வந்தது. வரிசைகளைச் சேர்த்து வைத்து அவனைப் போலவே ஒரே இறக்கில் நான்கையும் மறைத்து முடித்தால் எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டேன். நான்கு வரிசை சேர்த்து, ஓரத்தில் ஒரு பள்ளம் விட்டு, நீளக்கட்டைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கட்டைகள் கழுத்துவரை ஏறி ஆட்டம் முடிந்துபோனது.

மறுநாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் சூடேற்றிய தண்ணீரை என் தலையில் ஊற்றினாள் அம்மா. அதன்பின் நான் தொட்ட ஒவ்வொரு பொருளையும், பாய், வேட்டி, டம்ளர் எல்லாவற்றையும், மஞ்சள் தண்ணீரில் நனைத்து எடுக்கத் தொடங்கினாள். மத்தியானம் பெரியப்பா கேமை வாங்கிப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். போனால் அது மறுபடி என் கைக்கு வராது.

அம்மா அதைக் கையில் எடுத்து, வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"பாலு, இது பேட்டரி போட்ட சாமானாச்சே. தொடைச்சாப் போதுமா, நனைக்கணுமா?"

எனக்கு விடை தெரியும். பதினோரு வயதுப் பையனுக்கு அது தெரியாமல் இருக்காது.

"நனைக்கணும்மா. இல்லேன்னா முரளிக்கு ஒட்டிக்கும்ல" என்றேன்.

அண்ணன்மேல் பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று அவள் முகம் மலர்ந்தது. அழுத்தி முக்கினாள். சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. நான் வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், குமிழ் நிற்கும்வரை.

பெரியப்பா வந்து அதை உதறிப் பார்த்தார். மஞ்சள் தண்ணீர் சொட்டியது. "நான்தான் மாமா முக்கினேன். ஆத்தா தொட்டத அப்படியே எப்படிக் குடுக்கறதுன்னு..." என்று அம்மா கையைப் பிசைந்தாள். அவரால் என்ன சொல்ல முடியும்? அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். முரளி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு பெரியம்மா சொன்னபோது, நான் கொல்லைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் குதித்தேன்.

ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. பெரியம்மா விடவில்லை. கல்யாணம், காதுகுத்து, எங்கே நான்கு பேர் கூடினாலும், "எங்க சரோஜா இருக்காளே, வீடியோ கேமுக்கே மூணாந் தண்ணி ஊத்தினவ!" என்று தொடங்குவாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தானும் சேர்ந்து சிரிப்பாள். "எனக்கு என்னக்கா தெரியும், படிச்சவளா நான்?" என்பாள். ஒருமுறைகூட, என் பிள்ளைதான் நனைக்கச் சொன்னான் என்று அவள் சொன்னதில்லை. அவளுக்கு அது நினைவில் இருந்ததா, இல்லையா என்று நான் கேட்டதும் இல்லை.

இன்று அந்த மஞ்சள் பொத்தான் கேம் எந்தக் கடையிலும் கண்ணில் படுவதில்லை. நாங்கள் இருந்த சந்தில் வாகனம் நிறுத்தும் கொட்டகை வந்துவிட்டது. அம்மாவும் இரண்டு வருடங்களுக்கு முன் போய்விட்டாள். அவளுடைய கருமாதியன்று, சாப்பிட்டு முடித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, பெரியம்மா அழுதுகொண்டே அதே கதையைச் சொன்னாள். அழுதவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முரளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்டா சித்தி, ஒண்ணும் தெரியாதவங்க" என்றான்.

மொட்டைத் தலையோடு நான் அவனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். நான்தான் சொன்னேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அம்மா மேலிருந்த அந்தச் சிரிப்பு அன்றோடு நின்றிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் முப்பத்தெட்டாயிரத்து நானூறை என்னால் தாண்ட முடியவில்லை என்பதையும் முரளியிடம் சொல்லவேண்டியிருக்கும். நான் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.