கங்கப்பன் போட்ட முள்

சூளகிரிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி நான்கு ஏக்கர் வைத்திருந்த கங்கப்பனை, வயதுக்காக மட்டுமே 'அவர்' என்று எழுதுகிறேன். எண்பதுகளில் ஓசூரில் கம்பெனிகள் பெருகி நிலத்துக்கு மவுசு வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கூலிக்காரத் தெருவிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வரப்பில் முள்ளை வெட்டிப் போட்டார். 'அத்துமீறி நுழைந்தால் போலீஸ்' என்று தகரத்தில் எழுதி நட்டார். போலீஸைக் கண்டால் முதலில் ஒளிபவர் அவர்தான்.

அவருடைய தாத்தா காலத்திலிருந்து ஊரே நடந்த வரப்பு அது. இனிமேல் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் பெண்கள் அவர் வாசலில் நின்று, "போவட்டுங்களா அண்ணா?" என்பார்கள். அவர் வேப்பங்குச்சியை மென்றபடி வானத்தைப் பார்ப்பார். தலையாட்டினால்தான் முள் விலகும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். கங்கப்பனுக்குக் குடைகூட வேண்டியிருக்கவில்லை, ஒரு கட்டு முள் போதுமாக இருந்தது.

அந்தத் தெருவிலிருந்து முதலில் கம்பெனிக்குப் போன பெண் முனிலட்சுமி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஏரிக்கரையைச் சுற்றினால் பஸ் போய்விடும்.

"இன்னிக்கும் லேட்டானா நிறுத்திடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாருங்கண்ணா" என்று ஒருநாள் கெஞ்சினாள்.

கங்கப்பன் எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மெதுவாகத்தான் திரும்பினார். பஸ் போயிற்று, வேலையும் போயிற்று. எனக்கு அந்த எருமையின் மேல் மட்டும் கோபம் இல்லை.

கேழ்வரகு நடவு வந்தது. தன் அம்மாவுக்குப் பிறகு அந்தத் தெருவில் நடவுக்கு ஆள் சேர்ப்பவள் முனிலட்சுமிதான். அவள் வெற்றிலை பாக்கை வாங்கி, முதல் நாற்றை ஊன்றினால்தான் மற்றப் பெண்கள் நிலத்தில் இறங்குவார்கள். அது அந்தத் தெருவின் வழக்கம். பெரிய மனிதருக்கு இது நாற்று மஞ்சளான பிறகுதான் ஞாபகம் வந்தது. வெற்றிலைத் தட்டோடு தெருவுக்கு நடந்தே வந்தார்.

"சும்மாத்தானே இருக்க. நாளைக்கு ஆளுங்களக் கூட்டியா. முள்ள எடுத்துடறேன்" என்றார், வரம் கொடுப்பவர் போல.

முனிலட்சுமி தட்டைத் தொடவில்லை.

"நெலம் உங்களுது அண்ணா. யார வேணா வுடுங்க, வுடாம போங்க. கை என்னுது."

அவர் தன் வீட்டு மொழியான கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார். நாற்று நாற்றங்காலிலேயே காய்ந்தது. முனிலட்சுமி வீட்டிலும் அந்த மாதம் அடுப்பு சரியாக எரியவில்லை. ஆனாலும் அவள் போகவில்லை.